பிள்ளைத்தாச்சி எந்தப் பீரங்கி?

முன்னொரு காலத்தில், அதாவது பீரங்கிக்கும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்ட நல்ல காலத்தில், மலையடிவாரத்துக் கோட்டை ஒன்றில் கொசுறு என்றொரு விகடகவி இருந்தார். நாடு எது, அரசர் பெயர் என்ன என்றெல்லாம் கேட்காதீர்கள். அந்த அரசரின் பெயரைப் பட்டங்களோடு சொல்லத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும். நமக்கு அரசர் என்றால் போதும். கொசுறின் பெயர்க்காரணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இப்போதைய அரசரின் தந்தை ஒருமுறை சந்தையில் குதிரை வாங்கினார். பணம் கொடுத்தாயிற்று, ஆனால் குதிரை இடத்தைவிட்டு நகரவில்லை. அதைத் தேய்த்துக் குளிப்பாட்டி வந்த பையன் கூட நடந்தால்தான் நடப்பேன் என்று அடம்பிடித்தது. "பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள் மகாராஜா, குதிரைக்குக் கொசுறு!" என்றான் வியாபாரி. பெரிய அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். குதிரை சில வருஷங்களில் போய்ச் சேர்ந்தது. கொசுறு அரண்மனையிலேயே தங்கி, வாயால் பிழைத்து, விகடகவியாகிவிட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் அனந்தநம்பி என்பது அவருக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

பெரிய அரசர் காலத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளும் கோட்டையில் கிடையாது, பொருளும் கிடையாது. தலைமைச் சமையல்காரருக்கு 'அரை உப்பு' என்று பெயர். அவர் கைப்பக்குவம் அப்படி. சாப்பிட உட்காருகிறவன் பெயரைக் கேட்டதுமே உப்புக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வான். பட்டத்து யானைக்குச் 'சோம்பேறி' என்று பெயர். அதன்மேல் ஊர்வலம் போகிறவர்கள் ஒரு நாழிகை முன்னதாகவே புறப்பட்டுவிடுவார்கள்.

பீரங்கிகளின் சங்கதி இன்னும் நேர்த்தி. 'நொண்டி' என்ற பீரங்கி சுட்டவுடன் இடப்பக்கமாக உதைக்கும், ஆகையால் அந்தப் பக்கம் யாரும் நிற்கமாட்டார்கள். 'தும்மல்காரன்' திரி வைத்த பிறகும் சும்மா கிடக்கும். அணைந்துவிட்டது என்று அருகில் போனால் திடீரென்று வெடிக்கும். 'சண்டைக்காரி'க்கு எவ்வளவு மருந்து கொட்டினாலும் வாங்கிக்கொண்டு ஊரே அதிரக் கத்துவாள். அவளோடு ஒரே வார்ப்பில் பிறந்தவள் 'பிள்ளைத்தாச்சி'. பார்ப்பதற்கு இருவரும் ஒன்றுபோல இருப்பார்கள், ஆனால் பிள்ளைத்தாச்சிக்கு வயிற்றுக்குள் ஒரு விரிசல். அரை மருந்துதான் வைக்க வேண்டும், அதையும் பார்த்துப் பக்குவமாக உள்ளே இடித்துக் கிட்டிக்க வேண்டும். இந்தப் பெயர்களெல்லாம் பீரங்கிகளின் முதுகில் சுண்ணாம்பால் எழுதியிருக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவனுக்கு வேறு பாடம் தேவையில்லை, பெயரைப் படித்தால் போதும்.

பீரங்கிப் படைத் தலைவர் தாண்டவராயனுக்குக் காது பாதி கேட்காது. கேட்காதவர்கள் வழக்கப்படி எல்லாவற்றையும் உரக்கப் பேசுவார். அவர் பெயர் 'டமாரம்'. அவரிடம் ரகசியம் சொல்லக்கூடாது என்று அந்தப் பெயரே சொல்லிவிடும்.

சாயங்காலங்களில் பெரிய அரசர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கொத்தளத்துக்கு வருவார். நொண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, காராமணிச் சுண்டலைக் கொறித்தபடி கதை கேட்பார். "அடே கொசுறு, இன்னிக்கு என்னடா சேதி?" என்று அவர் கேட்கிற குரலில், உலகத்தில் இனிமேல் ஒரு கெடுதலும் நடக்காது என்று தோன்றும். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் கிழட்டுக் கொசுறுக்குக் கண் கலங்கிவிடும்.

பெரிய அரசர் காலமானார். மகன் பட்டத்துக்கு வந்தார். நல்ல பிள்ளைதான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் காதுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் பேச்சுத்தான் வேதவாக்கு.

ஒருநாள் அண்டை நாட்டுத் தூதர் விருந்துக்கு வந்திருந்தார். பரிமாறுகிறவன் பழக்கத்தில், "அரை உப்பு! தூதர் ஐயா இலைக்கு இன்னொரு கை உப்பு கொண்டு வா!" என்று கூவிவிட்டான். தூதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அரசருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவையில், "என் நாட்டில் ஆள்முதல் ஆணிவரை அனைத்துக்கும் சரியான, கௌரவமான பெயர் இருக்க வேண்டும். என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

இந்த வாய்ப்புக்காகவே காத்திருந்தவர் அவைப்புலவர் ஏகாம்பரனார். பெரிய அவதானி. ஒருமுறை கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். ஆனால் அவர் பா பாடும்போது அவையோர் கொட்டாவி விடுவார்கள், கொசுறு வாயைத் திறந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த எரிச்சல் அவர் வயிற்றில் பல வருஷமாகப் புகைந்துகொண்டிருந்தது.

"அரசே, முறைப்படி சூட்டாத பெயர் பெயரே அன்று," என்றார் புலவர். "நம் நாட்டு வழக்கம் என்ன? பெயர் வைப்பவர் குழந்தையை மடியில் ஏந்திக் காதில் மும்முறை ஓத வேண்டும். குழந்தை குரலெடுத்து அழும்வரை மடியைவிட்டு இறக்கலாகாது. அழுதால்தானே பெயரை ஏற்றுக்கொண்டதாகப் பொருள்? இந்தப் பட்டப்பெயர்களோ வாய்க்கு வந்த வசவுகள். இவற்றை நாட்டைவிட்டே ஒழிக்க வேண்டும்."

"நீர் சொல்வதே சரி," என்றார் அரசர். இனிமேல் பட்டப்பெயர் ஒன்றை உச்சரித்தவர் எவராயினும் அன்றே கோட்டையைவிட்டு வெளியேற வேண்டும், மீண்டும் உள்ளே வரக்கூடாது என்று ஆணை பிறந்தது. புதுப்பெயர் வைக்கும் பொறுப்பு புலவருக்கு.

புலவர் வைத்த பெயர்கள் ஒவ்வொன்றும் முழ நீளம். கொசுறு 'பரிகாச ரத்னாகரர்' ஆனார். அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால், பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுவார். யானை 'கஜகுல திலகம்' ஆயிற்று. பாகன் தொண்டை வறளக் கூப்பிட்டும் அது கரும்பை மென்றுகொண்டு அவனைப் பார்த்ததே தவிர, எழுந்திருக்கவில்லை. பாகன் அழுதே விட்டான். "பழகிவிடும்," என்றார் புலவர்.

வெடிமருந்துக்கு 'அக்கினிச் சூரணம்' என்றும், குண்டுக்கு 'லோக கோளம்' என்றும் பெயர் மாறியது. புதிதாகச் சேர்ந்த வீரன் ஒருவனை அக்கினிச் சூரணம் வாங்கிவரச் சொன்னார்கள். அவன் நேரே அரண்மனை வைத்தியரிடம் போனான். அவரும் கேள்வி கேட்காமல் சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்து வைத்திருந்ததில் ஒரு பானை கொடுத்தனுப்பினார். அன்று பயிற்சியில் எத்தனை திரி வைத்தும் பீரங்கி வெடிக்கவில்லை. "வெடிக்காவிட்டால் என்ன, அஜீரணம் இருந்தால் நீங்கியிருக்கும்," என்றார் கொசுறு. அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். புலவர் கொசுறைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

சிரிக்க வைத்தாரே தவிர, கொசுறுக்கு உள்ளுக்குள் ஆறவில்லை. பெரிய அரசர் கூப்பிட்ட பெயர் அது. கொசுறின் மனைவி, கண்ணை மூடும்வரை, "இந்தாங்க கொசுறு மாமா" என்று கேலி செய்த பெயர். அவர்கள் இருவரும் போன பிறகு மிச்சம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் யாரும் சொல்லக்கூடாது என்றதும், தாமே பாதி செத்துப்போனது போல அவருக்கு இருந்தது.

இந்த நேரத்தில் அண்டை நாட்டு அரசரே வருகிறார் என்று செய்தி வந்தது. அவர் கோட்டை எல்லைக்குள் கால் வைக்கும்போது பீரங்கி முழங்க வேண்டும், கோட்டை வாசலுக்கு வலப்புறம் நிற்கும் பீரங்கிக்கு அரசரே தம் கையால் தீ வைக்க வேண்டும் என்று புலவர் யோசனை சொன்னார். பீரங்கிகளையெல்லாம் கீழே இறக்கி, சுண்ணாம்பு எழுத்தைச் சுரண்டி, கறுப்பு வண்ணம் பூசி, பொன்னெழுத்தில் புதுப்பெயர் எழுதி, உயரவாரியாக மறுபடி நிறுத்தினார்கள். வாசலின் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த இரட்டைப் பீரங்கிகள் நின்றன. வலப்புறம் 'சத்துருகுல சங்கார மார்த்தாண்டம்'. இடப்புறம் 'திக்விஜய கோலாகல கம்பீரநாதம்'.

வரவேற்புக்கு முதல்நாள் காலையில் தாண்டவராயன் கொசுறின் வீட்டுக்கு ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, மோசம் போயிட்டோம்! அந்தப் புள்ள..."

கொசுறு பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். "மெதுவா, மெதுவா! உம்ம குரலு அரண்மனைக்கே கேக்கும். பேரைச் சொல்லாம விஷயத்தைச் சொல்லும்."

தாண்டவராயன் தம்மால் முடிந்த மட்டும் குரலைத் தாழ்த்தினார். தெருக்கோடிவரைதான் கேட்டது. "அதாண்ணே, வாயும் வயிறுமா இருக்கறவ. அவளும் அவகூடப் பொறந்தவளும்தான் வாசல்ல நிக்குறாங்க. எழுத்தைச் சுரண்டி வண்ணம் பூசிட்டாங்க. எது அவ, எது மத்தவன்னு எனக்கே புரியல."

"தட்டிப் பாத்தா தெரியாதா?"

"என் காதுக்கு என்ன தெரியப்போவுது? கேக்குறவனுக்கும் தெரியாதுண்ணே, உள்விரிசல். முழு மருந்து வெச்சுச் சுட்டாத்தான் தெரியும். தெரிஞ்சு என்ன புண்ணியம்? பத்த வெச்சவன் இருக்கமாட்டானே!"

"அப்ப ரெண்டுக்கும் அரை மருந்து போட்டுடும்."

"புலவரு கூடவே நின்னு முழு மருந்து போட வெக்கிறேன்னிருக்காரு. சத்தம் அடுத்த நாட்டுக்குக் கேக்கணுமாம்."

கொசுறு ஒரு கணம் யோசித்தார். "சுரண்டும்போது யாரு பக்கத்துல இருந்தா?"

"புலவர்தான். ஒவ்வொண்ணோட பழைய பேரையும் படிச்சு மூஞ்சியைச் சுளிச்சுட்டுத்தான் புதுப்பேரு எழுதச் சொன்னாரு. நான் அன்னிக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேன், ஒருத்திக்கு உடம்பு சரியில்லைய்யான்னு. கட்டுக்கதை பேசாதேன்னுட்டாரு."

புலவர் கண்ணில் பட்டது மறக்காது. ஆக, வலப்புறம் நிற்பது யார் என்று தெரிந்த ஒரே மனிதர் அந்தப் புலவர்தான். கொசுறு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அவைக்கு விரைந்தார்.

"அரசே, வாசலில் நிற்கும் இரண்டு பீரங்கிகளில் ஒன்றுக்கு உள்ளே விரிசல் இருக்கிறது. முழு மருந்து தாங்காது, வெடித்துச் சிதறும். தாங்கள் அதனருகில் நிற்கவே கூடாது," என்றார், விகடம் எதுவும் சேர்க்காமல்.

அரசர் திடுக்கிட்டார். "அப்படியா? அப்படியானால் வேண்டாம்."

புலவர் எழுந்தார். "பரிகாச ரத்னாகரரே, எந்தப் பீரங்கியைச் சொல்கிறீர்? அதன் பெயர் என்ன?"

கொசுறின் நாக்கு நுனிவரை அந்தப் பெயர் வந்துவிட்டது. புலவரின் கண்கள் அதற்காகவே காத்திருந்தன. சொல்லிவிட்டால் கோட்டையைவிட்டு வெளியேற வேண்டும். போனால் போகட்டும் என்று சொல்லிவிடவும் அவர் தயார்தான். ஆனால் சொல்லி என்ன பயன்? வலதா இடதா என்பது அவருக்குத் தெரியாதே! நாளைக் காலையில் அரசர் பக்கத்தில் நிற்கத் தாமும் இருக்கமாட்டார்.

"புதுப்பெயர் எனக்குத் தெரியாது. பழைய பெயரோ சொல்லக்கூடாதது. ஆனால் புலவருக்கு இரண்டும் தெரியும்," என்றார் கொசுறு.

"பழைய இழிபெயர்கள் என் நினைவில் தங்குவதில்லை," என்றார் புலவர், கண் இமைக்காமல். "அரசே, பெயர்கூடச் சொல்லத் தெரியாத பொருளுக்கு நோய் மட்டும் இருக்கிறதாம்! பட்டப்பெயர் போன வருத்தத்தில் இவர் ஏதேதோ கற்பனை செய்கிறார். விருந்தினர் முன்னால் தாங்கள் பீரங்கிக்குப் பயந்து பின்வாங்கினால் நாளை அண்டை நாட்டில் என்ன பேசுவார்கள்?"

"அதுவும் சரிதான்," என்றார் அரசர். "நானே தீ வைப்பேன்."

கொசுறு வெளியே வந்தார். கொத்தளத்தில் நின்று அந்த இரண்டு கறுப்புப் பீரங்கிகளையும் வெகுநேரம் பார்த்தார். பெரிய அரசர் இருந்திருந்தால் "ஏ பிள்ளைத்தாச்சி, சௌக்கியமா?" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அவர் மகன் நாளைக்கு அதே பீரங்கியால் செத்தாலும் சாகலாம். தூக்கி வளர்த்த பிள்ளை. அழுதால் காரியம் நடக்காது என்று கொசுறு மூக்கைச் சிந்திவிட்டு, புலவர் இதுவரை பேசிய பேச்சையெல்லாம் ஒன்றுவிடாமல் மனத்தில் ஓட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் அவர் முகம் மலர்ந்தது. உடனே மேளக்காரர்களைத் தேடிப் போனார்.

மறுநாள் காலை கோட்டை வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. அரசர் பட்டுடுத்தி, கையில் தீப்பந்தத்தோடு வந்தார். புலவர் முழு மருந்து போட வைத்து, தாமே மேற்பார்வை பார்த்து முடித்திருந்தார். அப்போது நாதசுரமும் தவிலும் கேட்டன. முன்னால் மேளம், பின்னால் தாம்பாளத்தில் சர்க்கரை, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கிண்ணத்தில் தேன், தோளில் ஒரு தொட்டில் சேலை, இந்தக் கோலத்தில் கொசுறு நடந்து வந்தார்.

அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதென்ன வேடிக்கை?"

"பெயர் சூட்டு விழா, அரசே. முறைப்படி சூட்டாத பெயர் பெயரே அன்று என்று நம் புலவர் பெருமான் அவையில் சொன்னாரே? இந்தப் பீரங்கிகளுக்குப் பொன்னெழுத்தில் எழுதினோமே ஒழிய, யாராவது காதில் ஓதினோமா? ஓதாத பெயரோடு விருந்தினரை வரவேற்றால் நாளை அண்டை நாட்டில் என்ன பேசுவார்கள்?"

அரசர் புலவரைப் பார்த்தார். "நியாயமாகத்தானே இருக்கிறது?"

தம் சொல்லையே எடுத்துப் பேசியதில் புலவருக்குப் பெருமைதான். "தாராளமாக ஓதலாம்," என்றார்.

"குழந்தைக்கென்றால் காது இருக்கும். இதற்கு இருப்பது திரி வைக்கும் துளை ஒன்றுதான். அதிலேயே ஓதுங்கள்," என்றார் கொசுறு.

புலவர் வலப்புறப் பீரங்கியின் அருகே குனிந்து, "சத்துருகுல சங்கார மார்த்தாண்டம்" என்று மூன்று முறை ஓதினார். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் வெடிமருந்து ஒட்டியிருந்தது. இடப்புறத்துக்கும் போய் ஓதிவிட்டு வந்தார். தவில் முழங்கியது. கூட்டம் சர்க்கரைக்குக் கை நீட்டியது.

"பாதிச் சடங்குதான் முடிந்திருக்கிறது," என்றார் கொசுறு. தொட்டில் சேலையை விரித்து வலப்புறப் பீரங்கியின் மேல் போட்டார். "குழந்தை குரலெடுத்து அழும்வரை பெயர் வைத்தவர் மடியைவிட்டு இறக்கலாகாது. புலவர் பெருமானே, வாருங்கள். இத்தனை பெரிய குழந்தையை மடியில் வைக்க முடியாது, ஆகையால் நீங்கள் அதன்மேல் உட்கார்ந்து கட்டிக்கொள்ளலாம். அரசர் தீ வைப்பார், குழந்தை குரல் கொடுக்கும், பெயர் நிலைத்துவிடும்."

புலவரின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கோ இறங்கிப் போயிற்று. "அது... நான் இடப்புறத்துக் குழந்தையைக் கட்டிக்கொள்கிறேனே?"

"இரண்டும் உங்கள் குழந்தைகள். முதலில் அழப்போவது இதுதானே? அரசரே பக்கத்தில் நிற்கப் போகிறார், பெயர் வைத்தவர் தள்ளி நின்றால் அழகா?"

"நான்கூட நிற்கிறேன், உமக்கென்ன தயக்கம்? உட்காரும்," என்றார் அரசர்.

தாண்டவராயன் சடங்கு எதையும் காதில் வாங்கவில்லை. ஆனால் அரசர் பந்தத்தை உயர்த்தியதைப் பார்த்ததும், "எல்லாரும் தள்ளிப் போங்க! மதிலுக்குப் பின்னால போங்க!" என்று கத்தினார். பீரங்கிக்காரர்கள் திமுதிமுவென்று ஓடினார்கள். அரசரை விட்டு நகராமல் நின்றவர் கொசுறு ஒருவர்தான். புலவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்றால், அரசர் கையிலுள்ள பந்தத்தைத் தட்டிவிட்டு அதற்கான தண்டனையை ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார்.

இரண்டு காவலர்கள் மரியாதையாகப் புலவரைத் தூக்கிப் பீரங்கிமேல் உட்காரவைத்தார்கள். பந்தம் திரியை நோக்கிக் கீழே இறங்கியது.

"வேண்டாம்! வேண்டாம் அரசே!" என்று புலவர் வீறிட்டார். "இது பிள்ளைத்தாச்சி! இதுதான் பிள்ளைத்தாச்சி! அது சண்டைக்காரி! என்னை இறக்குங்கள்!"

அரசர் பந்தத்தை மெல்ல நீட்டினார், கொசுறு அதை வாங்கித் தண்ணீரில் முக்கினார். அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது.

அரசர் அந்தப் பீரங்கியை அப்படியே அகழிப் பள்ளத்துக்கு உருட்டிக்கொண்டு போகச் சொன்னார். ஆட்கள் எல்லோரும் மதிலுக்கு இப்பால் வந்த பிறகு, நீளத் திரி வைத்துப் பற்றவைத்தார்கள். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. புகை விலகியபோது பள்ளத்தில் பீரங்கி இல்லை, கறுப்பு வண்ணம் பூசிய இரும்புத் துண்டுகள்தான் கிடந்தன.

"என் உயிர் என்றபோது கற்பனை. உம் உயிர் என்றபோது மட்டும் நினைவுக்கு வந்துவிட்டதா?" என்று அரசர் புலவர் பக்கம் திரும்பினார். புலவர் காலில் விழுந்தார். பீரங்கிக்காரர்கள் பேச்சை நம்பவில்லை என்றும், பீரங்கிமேல் ஏறச் சொன்ன பிறகுதான் ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்று தோன்றியது என்றும் அழுதார். அது பொய்யில்லை என்று கொசுறுக்குத் தெரிந்தது. மனிதர்கள் அப்படித்தான்.

"பட்டப்பெயரை உச்சரித்தவர் இன்றே கோட்டையைவிட்டு வெளியேற வேண்டும். ஆணை உம்முடையது," என்றார் அரசர்.

"பொறுங்கள், அரசே," என்றார் கொசுறு. "இவரை அனுப்பிவிட்டால் நொண்டி எது, தும்மல்காரன் எது என்று யார் சொல்வார்கள்? நாலு பீரங்கியைச் சுட்டு, நாலு பேரைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதோ, நானும் இரண்டு பெயரைச் சொல்லிவிட்டேன். வெளியேறுவதென்றால் நாங்கள் இருவரும் சேர்ந்தே போகிறோம். வழியில் பேச்சுத்துணைக்கு ஆயிற்று."

அரசருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. "நீர் சொல்வதே சரி. ஆணையைத் திரும்பப் பெறுகிறேன்," என்றார்.

அப்புறம் நடந்ததை அந்தக் கோட்டைக்காரர்கள் பேரன் பேத்தி காலம்வரை சொல்லிச் சிரித்தார்கள். ஏகாம்பரனார் பீரங்கி வரிசையில் நடந்து, ஒவ்வொன்றின் முன்னும் நின்று, பாசுரம் ஓதுகிற அதே கம்பீரக் குரலில், "இது நொண்டி... இது தும்மல்காரன்..." என்று சொல்லச் சொல்ல, தாண்டவராயன் பின்னாலேயே சுண்ணாம்புச் சட்டியோடு போனார். ஒரு பெயர்கூடத் தப்பவில்லை. புலவர் முதன்முறையாகக் கூட்டத்தின் கைதட்டலை வாங்கினார். அவர் முகத்திலும் கொஞ்சம் சிரிப்பு வந்ததாகச் சொல்வார்கள். விருந்தாளி அரசரைச் சண்டைக்காரி வரவேற்றாள். அவர் பல்லக்கில் துள்ளி விழுந்தார்.

அன்று மாலை அவை கூடியது. அரசர் கொசுறுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, பொன்முடிப்பும் கொடுத்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கு ஒன்று தெரிய வேண்டும்," என்றார். "என் தந்தை காலத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளே இல்லை என்கிறீர்களே, எனக்கும் ஏதாவது வைத்திருப்பீர்களே? என்ன அது?"

அமைச்சர்கள் ஆளுக்கொரு தூணைப் பார்த்தார்கள். தாண்டவராயனுக்குக் கேள்வி விளங்கவில்லை. கொசுறுக்கு மறுபடியும் கண் கலங்கிற்று.

"வைத்தோம், அரசே. வைத்தவர் உங்கள் தகப்பனார்தான். உங்களுக்கு நாலு வயசு இருக்கும். அம்மா சொன்னதை அப்பாவிடம் போய்ச் சொல்வீர்கள். வழியில் பாகன் வேறு ஏதாவது சொல்லிவிட்டால் அதைச் சொல்வீர்கள். யார் கடைசியாகப் பேசினாலும் அவர் பேச்சுத்தான் உங்கள் பேச்சு. பெரிய அரசர் உங்களைத் தூக்கி நொண்டிமேல் உட்காரவைத்து, 'கிளிப்பிள்ளை' என்று பெயர் வைத்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டு முத்தம் கொடுப்பார்."

அப்பா போன பிறகு அவரைப் பற்றி யாரும் இப்படிச் சொல்லி அரசர் கேட்டதில்லை போலும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம் நாட்டுப் பட்டப்பெயர் ஒவ்வொன்றும் கையாளுகிறவனுக்கு எச்சரிக்கை அல்லவா? இந்தப் பெயரில் என்ன எச்சரிக்கை?" என்று கேட்டார்.

"இவரிடம் கடைசியாகப் பேசு என்பதுதான், அரசே. இத்தனை வருஷமாக நான் அவைக்குத் தாமதமாக வருவது வேறு எதற்காக?"

அரசர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார், பெரிய அரசர் சிரித்த அதே சிரிப்பு. கொசுறும் சிரித்தார், அவை முழுவதும் சிரித்தது.

ஆனால் மறுநாளிலிருந்து அந்த நாட்டில் ஒரு சங்கடம். அவை கூடியதும் அமைச்சர் சேனாபதியைப் பார்ப்பார், சேனாபதி புலவரைப் பார்ப்பார், புலவர் கூரையைப் பார்ப்பார். எல்லோருக்கும் கடைசியில்தான் பேச வேண்டும். முதலில் வாயைத் திறக்க ஆளே இல்லாமல் மத்தியானம்வரை காத்திருந்துவிட்டு, வேறு வழியில்லாமல், அரசர் தாமாகவே யோசித்து முடிவு சொல்லத் தொடங்கினார்.